குரலுக்கு முதுகு காட்டி

"பேசுங்க தாத்தா."

"என்னத்தப் பேச?"

"எது வேணாலும். கொஞ்ச நேரம் பேசினா போதும், மிஷின் புடிச்சுக்கும்."

பலவேசம் தன் மூக்குக்கு முன்னால் நீட்டியிருந்த மைக்கை முறைத்தார். அதை நீட்டிக்கொண்டிருந்த பெண்ணையும் முறைத்தார். கழுத்தில் அட்டை, காலில் புதுச் செருப்பு. தேரிக்காட்டுச் செம்மணல் அந்தச் செருப்பை இன்னும் தின்ன ஆரம்பிக்கவில்லை.

"மொதல்ல, நான் ஒனக்குத் தாத்தா இல்ல. அடுத்தது, என் குரலை வாங்கி என்ன செய்யப் போறிய? பேங்குக்குப் போன் போட்டு நான்தான் பலவேசம்னு சொல்லி, இருக்கறதையும் வழிச்சிட்டுப் போறதுக்கா? வீட்டுக்காரியக் காணும்னு வந்து நிக்கேன். தேடுறத விட்டுட்டுப் பேசு பேசுன்னு. ஆளத் தேடுங்கன்னா பாட்டுப் போட்டியா நடத்துதிய? போன வருசமும் இப்படித்தான் ஒரு கூட்டம் வந்து மண்ணை அள்ளிட்டுப் போச்சு, ஆராய்ச்சியாம். கிழிச்சாவ…"

"போதும் ஐயா. வந்துட்டு," என்றாள் ரெஜினா. அவள் பேர் அதுதான். தொலைந்த ஆட்களைத் தேடும் கம்பெனியிலிருந்து வேனில் வந்திருந்தாள்.

"என்ன வந்துட்டு?"

"உங்க குரல். திட்டினதே போதும்."

வேனுக்குள் டிரைவர் செல்லையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து ஊர்க்காரர், பலவேசத்தின் வாயைப் பற்றித் தெரிந்தவர். "அண்ணாச்சி, இனிமே மிஷினும் திட்டும்," என்றார்.

பலவேசத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மத்தியானம் கொம்பன்விளையில் ஒரு ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு தேரிக்குள் ஓடியது. அதன் பின்னாலே போன அவர் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் திரும்பி வரவில்லை. ஆடி மாசத்துக் காற்று. காலையில் இருக்கும் மேடு சாயங்காலம் இன்னொரு இடத்தில் இருக்கும். கால்தடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஊர்க்காரர்கள் விடியவிடியச் சுற்றிவிட்டு நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தார்கள். இப்போது வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செக்கச்செவேலென்று கொதிக்கிற மணலில், தண்ணீர் இல்லாமல், அறுபதைத் தாண்டிய ஒரு பொம்பளை இன்றைய பொழுதைத் தாண்டுவாளா என்பதுதான் கேள்வி. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை.

"எப்படித் தேடுவிய?" என்றார் பலவேசம், கொஞ்சம் இறங்கி.

ரெஜினா வேனின் கதவைத் திறந்துவிட்டாள். நாலு டிரோன்கள் இருந்தன. வயலுக்கு மருந்தடிக்கிறதைவிடப் பெரியவை. "இது மேல பறந்து உடம்புச் சூட்டை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கும். ஆனா மணலும் சூடு, மனுசனும் சூடு. முந்திரி மரத்துக்குக் கீழ படுத்திருந்தா தெரியாது. அவங்களா எழுந்து வெளிய வரணும். தொலைஞ்சவங்க பயத்துல இருப்பாங்கய்யா. தெரியாத ஆள் கூப்பிட்டா ஒளிஞ்சுக்குவாங்க. சொந்தக்காரங்க குரல் கேட்டா வந்துருவாங்க. மலையில, காட்டுல எத்தனையோ பேரை இப்படி மீட்டிருக்கோம்."

"நான் நாள்பூரா கத்தணுமா?"

"வேண்டாம். மிஷினே உங்க குரல்ல கூப்பிடும். எந்த வார்த்தைக்கு அவங்க அசையிறாங்கன்னு பார்த்து, அதையே திரும்பச் சொல்லும்."

பலவேசத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறென்ன செய்ய? தலையை ஆட்டினார். நாலும் தும்பி மாதிரி இரைந்துகொண்டு கிளம்பி, செம்புழுதிக்குள் போய் மறைந்தன.

தேரியைப் பற்றி வெளியூர்க்காரனுக்குச் சொன்னால் சிரிப்பான். சிரிக்கட்டும். கடல் பக்கத்தில் கிடக்கிற இந்தச் சிவப்பு மணல்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு நடை பழகும்போதே ஒன்று சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தேரிக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கையைக் குவித்து "ஓய்" என்று ஒரு கூவு, அவ்வளவுதான். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அதே கூவுதான். பேர் சொல்லி ஒரு குரல் வந்தால் அது மனுசக் குரல் இல்லை, தேரி கூப்பிடுகிறது. திரும்பிப் பார்க்கக்கூடாது, பதில் சொல்லக்கூடாது, குரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கணும். பதில் சொன்னவன் கதை ஊருக்கு ஒன்று உண்டு. பனையேறி ஒருத்தன் செத்துப்போன தன் ஆத்தா கூப்பிடுகிறாள் என்று "இன்னா வந்துட்டேன்" என்றானாம். அவனுடைய இடுப்புப் பெட்டி மட்டும் ஒரு பனையின் மேல்மட்டையில் தொங்கியது. அந்தப் பனையில் அவன் ஏறியதே இல்லை என்று அவன் கூட்டாளிகள் சத்தியம் செய்தார்கள்.

பலவேசம் இதை நம்பினாரா என்று கேட்டால், அவர் யாரையும் எதையும் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் தேரிக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

தங்கபுஷ்பம் நம்பினாள். முழுசாக நம்பினாள்.

"கிடைச்சிட்டாங்க!" ரெஜினா கத்தினாள்.

திரையில் செம்மண் நிறத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. பலவேசம் வேனுக்குள் பாதி உடம்பை நுழைத்தார். புள்ளி அசைந்தது.

"உசுரோட இருக்காளா?"

"நடக்காங்கய்யா! நல்லா வேகமா நடக்காங்க. உங்க குரலுக்குத்தான்."

பலவேசம் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். கையெடுத்து யாரையாவது கும்பிடலாம் என்று பார்த்தார். யார் என்று தோன்றாததால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்த செல்லையாவின் முழங்காலைத் தட்டினார். "என்ன சொல்லி நடக்கா? போடு கேப்போம்," என்றார்.

ரெஜினா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே பலவேசத்தின் குரல் வந்தது. அவருடைய குரலேதான். அந்தக் கரகரப்பு, மூச்சு வாங்குவது, எல்லாம். "தங்கபுஷ்பம்… தங்கபுஷ்பம்… இங்க வா. தங்கபுஷ்பம்…"

பலவேசம் எழுந்ததில் தலை வேனின் கூரையில் இடித்தது.

"எவ ஒன்னைப் பேர் சொல்லச் சொன்னது?"

"ஐயா?"

"பேரு! அவ பேரு! நான் சொன்னனா அதை? கட்டின நாள்லயிருந்து நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கெடயாது. ஏட்டின்னுதான் கூப்பிடுவேன். தேரிக்குள்ள அதுவும் கெடயாது. பேரை எவன் குடுத்தான்?"

"அவங்க ஆதார் கார்டுல இருந்துதான்… பேர் சொன்னாத்தானே தனக்குத்தான்னு தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வோம்."

செல்லையா முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "தங்கச்சி," என்றார் மெதுவாக, "அவங்க எந்தப் பக்கமா நடக்காவன்னு பாரு."

ரெஜினா பார்த்தாள். திரையில் இரண்டு விரலை வைத்துச் சுருக்கினாள். புள்ளி வந்த வழி கோடாகத் தெரிந்தது. கோடு முதலில் கிழக்கே, தார் ரோட்டைப் பார்த்து நேராகப் போயிருந்தது. தங்கபுஷ்பம் வழி கண்டுபிடித்துவிட்டாள், தானாக வந்துகொண்டிருந்தாள். கிழக்கேயிருந்து முதல் டிரோன் அவளை எதிர்கொண்டு கூப்பிட்ட இடத்தில் கோடு முறித்துக்கொண்டு திரும்பியிருந்தது. அங்கிருந்து மேற்கே, தேரியின் வயிற்றுக்குள்.

"அசைஞ்சா நல்லதுன்னு மிஷினுக்குச் சொல்லிவச்சிருக்கோம்," என்றாள் ரெஜினா. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "பேரைச் சொன்னதும் ஓடியிருக்காங்க. இது நல்ல வார்த்தைன்னு புடிச்சிக்கிட்டு அதையே சொல்லிட்டு இருக்கு."

"நிறுத்து!"

நிறுத்தினாள். புள்ளி நிற்கவில்லை. ரெஜினா தன் சொந்தக் குரலில் பேசினாள். "பாட்டி, பயப்படாதீங்க, இது மிஷின், நாங்க உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம்." புள்ளி இன்னும் வேகமாக ஓடி, கொஞ்ச தூரத்தில் நின்றது. தண்ணீர்ப் பொட்டலத்தை இறக்கிப் பார்த்தாள். புள்ளி அதைச் சுற்றிக்கொண்டு போனது. வானத்திலிருந்து தேரி போடுகிற தண்ணீரைத் தங்கபுஷ்பம் தொடுவாளா?

"நான் போறேன்," என்று பலவேசம் துண்டைத் தலையில் கட்டினார்.

"எப்படிப் போவிய?" என்றார் செல்லையா. "அவ்வளவு உள்ள வண்டி எறங்காது, பொதைஞ்சிரும். நடந்து போய்ச் சேர எந்த நேரம் ஆகும், ஒங்க முட்டிய வச்சுக்கிட்டு? ஆளு வாறதக் கண்டா இன்னும் உள்ள ஓடுவாவ. இப்போ அவியளுக்கு எல்லாமே தேரிதான்."

"பின்ன, இங்கனயே உக்காந்து சாவுறதப் பாக்கச் சொல்லுதியா?"

ரெஜினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஐயா, குரல் வந்தா அதுக்கு எதிர்ப் பக்கமாத்தான் போவாங்களா? கண்டிப்பா?"

"குரலுக்கு முதுகு காட்டித்தான் நடக்கணும். அதான் மொறை."

"அப்போ டிரோனை அவங்களுக்கு மேற்கால கொண்டுபோய் நிறுத்துறேன். அங்கேயிருந்து கூப்பிட்டா கிழக்கே ஓடுவாங்க. ரோட்டுக்கு. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸை வரச்சொல்லிருதேன்."

பலவேசத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

"ஆட்டைப் பத்துற மாதிரி பத்தப் போற."

"ஆமாய்யா."

"என் குரலை வச்சு."

"வேற குரலுக்கு இவ்வளவு பயப்படல. பார்த்தீங்கல்ல, நான் பேசினதுக்கு ஓடினாங்க, ஆனா சீக்கிரம் நின்னுட்டாங்க. உங்க குரலுக்குத்தான் நிக்காம ஓடுறாங்க."

அது அவருக்கு எங்கேயோ போய்க் குத்தியது. "நான் பேயா அவளைத் தொரத்தணும்."

"தொரத்தலைன்னா…" அவள் முடிக்கவில்லை.

"தொரத்து," என்றார் பலவேசம்.

டிரோன்கள் மேற்கே போய் வரிசை கட்டின. "தங்கபுஷ்பம்!" என்றது பலவேசத்தின் குரல். புள்ளி துள்ளித் திரும்பியது. கிழக்கே. ரெஜினா மூச்சு விட்டாள். குரல் மறுபடி கூப்பிட்டது. புள்ளி ஓடியது, விழுந்தது, எழுந்தது, ஓடியது. காமிராவைக் கிட்டே இழுத்ததும் ஆளே தெரிந்தாள். சேலைத் தலைப்பை முகத்தில் சுற்றியிருந்தாள். காலில் செருப்பில்லை. அந்த மணலில் செருப்பில்லாமல்! பலவேசம் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார். காதை எங்கே திருப்ப?

மிஷின் கற்றுக்கொண்டே இருந்தது. வெறும் பேர் பழகிப்போய் அவள் நடை தளர்ந்தபோது வேறு வார்த்தை தேடியது. "தங்கபுஷ்பம், என் கண்ணு, நில்லு. தங்கபுஷ்பம், என்னை விட்டுட்டுப் போகாத. என் செல்லம்…" அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வராத வார்த்தைகள். அழுதது அது. அவர் குரலில் விம்மி விம்மி அழுதது. ஒவ்வொரு கொஞ்சலுக்கும் கிழவி அலறிக்கொண்டு ஓடினாள்.

"இதெல்லாம் எங்கனயிருந்து எடுத்துச்சு?" என்று கேட்டார்.

"பொதுவா மனுசங்க சொல்றது தானேய்யா," என்றாள் ரெஜினா.

கடைசி மேட்டின் அடிவாரத்தில் தங்கபுஷ்பம் உட்கார்ந்துவிட்டாள். மேட்டைத் தாண்டினால் ரோடு. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அதில் வருகிறவனை மேட்டில் ஏறி வரச்சொல்லவும் முடியாது. அவன் மேலேறி வந்து நின்றால், கிழக்கிலும் ஆளைக் கண்டு அவள் திரும்ப உள்ளே ஓடுவாள். மிஷின் கூப்பிட்டது, கொஞ்சியது, அழுதது. அவள் அசையவில்லை. தலை மார்பில் தொங்கியது.

"மயங்கப் போறாங்க," என்றாள் ரெஜினா. "டிரோன்ல சார்ஜும் இல்ல. ஐயா, நீங்களே பேசுங்க. நேரா. மிஷின் சொல்றது எல்லாம் அவங்களுக்குப் பழகிட்டு. பயங்காட்டுற மாதிரி ஏதாவது சொல்லுங்க. எழுப்பி விட்டாப் போதும்."

மைக் மறுபடி மூக்குக்கு முன்னால் வந்தது. பலவேசம் அதைப் பிடுங்கினார். பயங்காட்ட வேண்டும். நாக்கைப் பிடுங்குவேன், குடலை உருவுவேன் என்று எதையாவது சொல்ல வேண்டும். ஊரையே நடுங்கவைத்த வாய்தானே.

வாயைத் திறந்தார்.

"ஏட்டி," என்றார்.

திரையில் தங்கபுஷ்பத்தின் தலை நிமிர்ந்தது.

"ஏட்டி… கஞ்சி வச்சேன். உப்புப் போட்டனான்னு தெரியல. உப்பு எங்கன இருக்குன்னும் தெரியல. எந்தச் சாமானும் எங்கன இருக்குன்னு தெரியல அந்த வீட்டுல…"

அவள் மெல்லத் திரும்பினாள். குரல் வந்த பக்கமாக, மேற்கே. ஒரு கையை ஊன்றினாள். "வேண்டாம், வேண்டாம்," என்று ரெஜினா கிசுகிசுத்தாள். "நம்பிட்டாங்க, குரல் பக்கமா திரும்ப உள்ள வரப்போறாங்க. பயங்காட்டுங்கய்யா!"

பலவேசத்துக்கு அது காதில் ஏறவில்லை. வாய் நின்றால்தானே.

"எனக்குப் பயமா இருக்கு, ட்டி," என்றார். "நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு."

தங்கபுஷ்பம் அப்படியே உறைந்தாள். அடுத்த நொடி, கையும் காலுமாக மணலைப் பறித்துக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள். ஒரு தடவை சரிந்தாள், இரண்டாம் தடவை உச்சியைப் பிடித்தாள், அந்தப் பக்கம் உருண்டாள். திரை அணைந்தது. ரொம்ப நேரம் கழித்து ரெஜினாவின் போன் அடித்தது. ரோட்டில் வந்து விழுந்த கிழவியை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மூச்சு இருக்கிறதாம்.

பலவேசம் மைக்கைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தார். செல்லையாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரெஜினாவும் பின்னாலேயே வந்தாள். தங்கபுஷ்பம் கட்டிலில் கிடந்தாள். இரண்டு காலிலும் கட்டு, கையில் குளுக்கோஸ். பலவேசம் கட்டிலின் ஓரத்தில் நின்றார். வரும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தவர், மெல்ல, தன்னால் முடிந்த மட்டும் மெல்ல, கேட்டார்.

"எப்படிட்டி இருக்க?"

தங்கபுஷ்பம் வீறிட்டாள். குளுக்கோஸ் குழாய் அறுந்துவிடும்போல ஆட, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். நர்ஸ் ஓடிவந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, திரும்பாமல், பதில் சொல்லாமல், நடக்க முடியாத காலால் கட்டிலை உதைத்து நகரப் பார்த்தாள்.

பலவேசம் பயந்துபோனார். பயந்தால் அவருக்குக் கோபம்தான் வரும்.

"எவட்டி இவ! கிறுக்கு முண்ட!" என்று கத்தினார். "ஒரு ஆட்டுக்குட்டிக்காக உசுரக் குடுக்கப் போனவளுக்கு இங்க வந்து கூத்து வேற! கையை எடுட்டி காதுலயிருந்து! ஊசி புடுங்கிட்டுன்னா அந்த நர்ஸம்மா ஒங்கப்பன் வீட்டு வேலைக்காரியா, திரும்பக் குத்துறதுக்கு?"

கை மெதுவாகக் காதை விட்டு இறங்கியது. ஒரு கண் திறந்தது.

"வந்துட்டியளா," என்றாள் தங்கபுஷ்பம். பிறகு ஓவென்று அழுதாள்.

அழுது முடித்துக் கஞ்சி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குத் தாங்காது. "ஒங்க கொரலை அப்படியே களவாண்டுட்டுங்க அது. பேரைச் சொல்லிக் கூப்பிடுது. கண்ணுங்குது, செல்லங்குது, தூ! அதுக்கெல்லாம் நான் ஏமாறல. கடைசியில கால் ஓடல, உக்காந்துட்டேன். அப்போ ஏட்டின்னு கூப்புட்டுச்சு பாருங்க, நெசமாவே நீங்கதான்னு நெனச்சிட்டேன். திரும்பிட்டேன். எந்திரிச்சு வரவும் போனேன். கஞ்சி, உப்புன்னு என்னமா நடிக்கு! அங்கன போயிருந்தா இன்னைக்கு நான் இல்ல."

"பின்ன எப்படிப் பாட்டி…" ரெஜினா கேட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குன்னுச்சும்மா!" தங்கபுஷ்பம் சிரித்தாள், வெடித்த உதடு வலிக்க வலிக்கச் சிரித்தாள். "எங்க வீட்டு ஆளு! பயமா இருக்காம்! அங்கதான் மாட்டிக்கிட்டு அது. இவிய செத்தாலும் அந்த வார்த்தையச் சொல்லமாட்டாவ. இது அதுதான்னு அப்பமே தெரிஞ்சிட்டு. எங்கேயிருந்து அந்தப் பெலம் வந்துச்சோ, ஏறி விழுந்துட்டேன்."

ரெஜினாவின் கண் நிறைந்துவிட்டது. "பாட்டி, அது வந்து…"

"நீ ஒஞ்சோலியப் பாத்துட்டுப் போ," என்றார் பலவேசம்.

வராந்தாவுக்கு வந்ததும் ரெஜினா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னதுதான்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு? இனிமே எதை வச்சு அவ என்னைக் கண்டுபிடிப்பா? அந்தக் குரலு ஒங்க பெட்டிக்குள்ள இருக்குல்லா, அதை அழி."

"அழிச்சிருதேன். மிஷின் பேசினது எல்லாத்தையும் அழிச்சிருதேன். கடைசியா நீங்க பேசினது மட்டும் தனியா இருக்குய்யா. அது மிஷின் இல்லல்ல. என்னைக்காவது ஒரு நாள் அவங்ககிட்ட போட்டுக் காட்டலாம்."

"அதத்தான் மொதல்ல அழிக்கணும்."

அவள் நம்பாமல் பார்த்தாள். அவரும் அவளை நம்பவில்லை, போனைக் காட்டு என்று முன்னாலேயே நின்று அழிக்கச் சொன்னார். எழுத்து தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து தங்கபுஷ்பம் கூப்பிட்டாள். "ஏங்க… எங்கன போனிய?" அதில் இலேசான ஒரு நடுக்கம் இருந்தது.

பலவேசம் வராந்தாவே அதிரும்படி கத்தினார். "என்னட்டி எழவு! கூப்புட்டுக்கிட்டே கெடப்பியா? வாறேன், வாறேன்!"

"சரி, சரி," என்றாள் அவள், நிம்மதியாக.